கல்லைப் படம் பிடிக்க ஒரு காமிரா

லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத சிறு காமிராக்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப் புகுகிறவர்கள், மெகாபிக்சல் எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கருவியின் தகுதியை நிர்ணயித்துவிடும் வழக்கத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். லென்ஸ் மாற்றக்கூடிய காமிராவானால் சென்சாரின் சக்தியை ஒரு புறமும் லென்ஸின் சக்தியை ஒரு புறமுமாக வைத்து விசாரித்து, பிற்பாடு இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வர இடமுண்டு. ஒரே லென்ஸை ஆயுள் முழுவதும் தாங்கும்படி படைக்கப்பட்ட காமிராவிலோ, அந்த லென்ஸ் உலகத்தை எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது, அந்த அகலத்தைச் சென்சார் எத்தனை கூறுகளாகப் பிரிக்கிறது, அக்கூறு ஒவ்வொன்றும் நாம் ஆசைப்பட்டுப் படம் பிடிக்கும் பொருளின் மேல் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்ற மூன்று விஷயங்களும் பிரிக்க முடியாதபடி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இதை விளக்குவதற்கு இவ்வருஷத்துக் காமிரா ஒன்றை நான் தேர்ந்துகொள்ளவில்லை. ஜப்பானிலுள்ள சிக்மா நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட டிபி2 மெரில் என்ற காமிராவையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய சிற்பங்களையும் கோயில் தூண்களையும் படம் பிடிப்பதிலே எனக்கு நெடுநாளாக ஈடுபாடு உண்டு. அந்த வேலைக்கு இக்கருவியைப் போல உதவியது வேறொன்றில்லை என்ற அனுபவத்தினால் மட்டுமல்ல, நுட்பம் என்பது என்ன, அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை இத்தனை வெளிப்படையாக நம் முன் நிறுத்தும் காமிராவும் வேறொன்றில்லை என்பதனாலும் இதைப் பற்றி விஸ்தாரமாக எழுதத் துணிகிறேன்.

தோற்றத்தில் அலங்காரம் ஏதுமற்ற ஒரு கறுப்புப் பெட்டி. பாட்டரியையும் கார்டையும் நீக்கி நிறுத்தால் ஏறக்குறைய 330 கிராம். முன்புறத்தில் 30 மில்லிமீட்டர் குவியத் தூரமும் எஃப் 2.8 திறப்பும் கொண்ட லென்ஸ். பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் காமிராவின் கணக்கில் சொன்னால் இது 45 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமானம், அதாவது மனிதன் ஒரு பொருளைக் கவனித்துப் பார்க்கையில் அவன் சிந்தையில் நிற்கும் அளவுக்கு ஒத்த பார்வை. ஜூம் கிடையாது, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது, கை நடுக்கத்தைச் சமனம் செய்யும் ஏற்பாடும் கிடையாது. இத்தனை இல்லைகளையும் கேட்ட பிறகு, உள்ளே என்னதான் இருக்கிறது என்று நீங்கள் கேட்பது நியாயம்.

உள்ளே இருப்பது ஃபோவியான் சென்சார். ஃபோவியான் என்பது அமெரிக்காவில் 1997-ல் தோன்றிய நிறுவனம். சிலிக்கான் சில்லுகளின் சாஸ்திரத்தில் மகா நிபுணர் என்று பெயர் பெற்ற கார்வர் மீட் அதன் ஸ்தாபகர்களில் ஒருவர். அந்த நிறுவனத்தின் சென்சாரைத் தாங்கிய முதற் காமிராவை, எஸ்டி9 என்ற பெயரில், 2002-ல் வெளியிட்டது சிக்மா. 2008-ல் சிக்மா ஃபோவியான் நிறுவனத்தையே விலைக்கு வாங்கிக்கொண்டது. அதே வருஷத்தில்தான் இந்தச் சென்சாரைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவரும், தாமே ஒரு சிறந்த புகைப்படக்காரருமான ரிச்சர்ட் மெரில் காலமானார். பிற்பாடு வந்த தலைமுறைக் காமிராக்களுக்கு வியாபாரப் பெயர் எதையும் சூட்டாமல், மறைந்த அந்த இன்ஜினீயரின் பெயரையே சூட்டினார்கள். ஒரு கருவியை உண்டாக்கிய மூளைக்கு அக்கருவியின் மேலேயே நன்றி பொறித்துவைக்கும் இச்செய்கை தொழில் உலகத்தில் அபூர்வமானது. அந்த நிறுவனத்தின் மேல் எனக்குள்ள மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

சென்சாரின் சூட்சுமத்தைச் சற்றே விளக்கிவிடுகிறேன், ஏனெனில் இக்காமிராவின் குணம், குற்றம் இரண்டும் அதிலிருந்தே பிறக்கின்றன. சிலிக்கான் என்னும் பொருளுக்கு இயற்கையில் ஒரு ஸ்வபாவம் உண்டு: நீல ஒளியை அது மேற்பரப்பிலேயே உட்கொண்டுவிடும், பச்சை ஒளி சற்று ஆழம் வரைக்கும் செல்லும், சிவப்பு ஒளி அதனினும் ஆழத்திற்குப் போய்த்தான் அடங்கும். ஆகையினால் ஒரே இடத்தில் மேல், நடு, கீழ் என்று மூன்று ஆழங்களில் ஒளியை அளந்தால், அவ்விடத்தின் வர்ணம் முழுவதும் அங்கேயே கிடைத்துவிடும். வர்ணப் பிலிமில் மூன்று படலங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்து செய்த காரியம் இதுவேதான்.

மற்றக் காமிராக்களில் பெரும்பாலானவை வேறு மார்க்கத்தில் செல்கின்றன. கோடாக் நிறுவனத்தின் விஞ்ஞானி பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற முறையின்படி, சென்சாரின் மேல் சதுரங்கக் கட்டங்களாக வர்ண வடிகட்டிகளைப் பரப்பிவிடுகிறார்கள். கட்டங்களில் பாதி பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் மட்டுமே அறியும். ஒவ்வொரு கட்டத்திலும் விடுபட்டுப்போன இரண்டு வர்ணங்களை அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் கணக்கிட்டு ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் இந்நாளில் மிகமிகத் தேர்ந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. என்றாலும் பட்டுப் புடவையின் நெசவைப் போன்று நெருங்கிய இழைகள் வரிசையாக வரும் இடங்களில் அது தடுமாறி, துணியில் இல்லாத வர்ணப் பட்டைகளைப் படத்தில் உண்டாக்கிவிடுவதைக் கல்யாணப் புகைப்படக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். அதைத் தடுக்கச் சென்சாரின் முன்னால் ஒரு மெல்லிய மங்கல் கண்ணாடியை வைத்தால் நுட்பத்தில் கொஞ்சம் பறிபோகும். ஃபோவியானுக்கு ஊகமும் வேண்டாம், மங்கல் கண்ணாடியும் வேண்டாம்.

இனி, 46 மெகாபிக்சல் என்று விளம்பரங்களில் சொன்னார்களே, அது உண்மைதானா என்று பார்ப்போம். படத்தின் அகலம் 4704 புள்ளிகள், உயரம் 3136 புள்ளிகள். பெருக்கினால் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 1 கோடியே 47 லட்சம். மூன்று ஆழங்களிலும் அளக்கிறது என்பதற்காக அதை மூன்றால் பெருக்கி, ஓரத்தில் படத்திற்கு உதவாமல் நிற்கும் புள்ளிகளையும் கூட்டியே 46 என்ற எண்ணை அடைந்திருக்கிறார்கள். அளவெடுக்கும் இடங்களின் எண்ணிக்கை என்ற முறையில் அது பொய்யன்று. ஆனால் படத்தின் பரப்பு 15 மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவு என்பதுதான் வாங்குகிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய உண்மை. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் ஏறக்குறைய 15½ அங்குல அகலமும் 10½ அங்குல உயரமும் உள்ள படம் வரும். அப்படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தன் சொந்தச் சாட்சியத்தையே சொல்கிறது என்பதனால், பெயரளவில் இதனினும் பெரிய பல படங்களை இது பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் தலைகுனிய வைத்துவிடும்.

லென்ஸுக்கு வருகிறேன். ஃபோவியான் சென்சாரின் மேல் ஒளிக்கதிர்கள் மிகவும் சாய்ந்து விழுந்தால், ஆழத்திலுள்ள அடுக்குகளை அவை சரியான இடத்தில் சென்றடையாமல் ஓரங்களில் நிறம் திரிய ஏதுவாகும். ஆகவே அந்தச் சென்சாருக்கென்றே, அதிலிருந்து இத்தனை தூரத்தில்தான் நிற்கப்போகிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டு ஒரு லென்ஸை வரைந்தால் அதில் பெரிய அனுகூலம் உண்டு. ஜூம் வைத்து ஒரே காமிராவாகச் செய்துவிடுவதற்குப் பதிலாக, அகலப் பார்வைக்கு டிபி1 மெரில், இயல்பான பார்வைக்கு டிபி2 மெரில், சற்றே தொலைவை நெருக்கிக் காட்ட 2013-ல் வந்த டிபி3 மெரில் என்று, லென்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுக் காமிராவையே கட்டிக்கொடுத்தது சிக்மா. விநோதமான வியாபாரம் என்று அக்காலத்தில் பலரும் வியந்தார்கள். விளைவோ, டிபி2-வின் 30 மில்லிமீட்டர் லென்ஸ் திறப்பு முழுவதும் விரிந்திருக்கும் எஃப் 2.8-லேயே நடுவில் கூர்மையாகவும், எஃப் 5.6-ல் நான்கு மூலைகளிலும் ஒரே சீராகவும் வரைகிறது. கோயில் மதிற்சுவர் ஒன்றை நேர்முகமாக நின்று எடுத்த படத்தில் மூலையிலிருக்கும் செங்கல்லும் நடுவிலிருக்கும் செங்கல்லும் ஒரே மரியாதையைப் பெறுகின்றன என்பதைக் காணும்போது உண்டாகும் திருப்தி, இந்த வேலையில் ஈடுபட்டவர்களுக்குத்தான் தெரியும்.

நான் முதலிலே சொன்ன அளவுகோலை இப்பொழுது பிரயோகித்துப் பார்க்கலாம். மெரில் சென்சாரில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் 5 மைக்ரான். 30 மில்லிமீட்டர் லென்ஸ் வழியாக அந்தப் புள்ளியை வெளியே நீட்டினால், 6 மீட்டர் தூரத்தில் நிற்கும் கல்லின் மேல் அது 1 மில்லிமீட்டர் இடத்தை அடைக்கிறது. 6 மீட்டருக்கு 1 மில்லிமீட்டர். 12 மீட்டருக்கு 2 மில்லிமீட்டர். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டுவிட்டால், எந்தச் சிற்பத்தின் முன் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது அளந்தாற்போல் விளங்கிவிடும்.

இதே கணக்கை மற்றக் காமிராக்களுக்கும் போடுவோம். 2015-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்1ஆர் 2-ல் 42 மெகாபிக்சலும் 35 மில்லிமீட்டர் லென்ஸும் உண்டு. அதே 6 மீட்டரில் அதன் புள்ளி முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 2023-ல் வந்த லைக்கா க்யூ3-ல் 60 மெகாபிக்சல். ஆனால் லென்ஸ் 28 மில்லிமீட்டர் அகல லென்ஸ் ஆகையால், புள்ளியின் அளவு 0.8 மில்லிமீட்டர். 2025-ல் ஃபூஜிஃபிலிம் வெளியிட்ட ஜிஎஃப்எக்ஸ்100ஆர்எஃப்-ல் 102 மெகாபிக்சல், அங்கே 0.65 மில்லிமீட்டர். லைக்கா நிறுவனமே 2024-ல் அதே 60 மெகாபிக்சல் சென்சாரின் முன் 43 மில்லிமீட்டர் லென்ஸை வைத்துக் க்யூ3 43 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் புள்ளி அரை மில்லிமீட்டரை ஒட்டி நிற்கிறது. அதாவது ஒரே இடத்தில் நின்று ஒரே சிலையைப் பார்க்கையில், 60 மெகாபிக்சல் காமிரா 102 மெகாபிக்சல் காமிராவைவிடச் சிலையின் மேல் அதிக நுட்பத்தைக் கண்டுபிடிக்கிறது. 15 மெகாபிக்சல் பரப்புள்ள மெரிலுக்கும் 60 மெகாபிக்சல் க்யூ3-க்கும் உள்ள வித்தியாசம் கால் பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. பெரிய காமிராக்களின் புள்ளிகள் வீணாகிவிட்டன என்று இதற்கு அர்த்தமன்று. அவை சிலையின் இருபுறத்திலுமுள்ள சுவரையும் ஆகாயத்தையும் சேர்த்து வரைவதிலே செலவாகியிருக்கின்றன. நமக்கு வேண்டியது சுவரா, சிலையா என்பதை நாமல்லவா தீர்மானிக்க வேண்டும்?

மாமல்லபுரத்திலே, அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் பெயர் வழங்கும் அந்தப் பெரும் பாறைச் சிற்பத்தின் முன் இக்காமிராவைப் பிடித்துப் பார்த்தபோதுதான் மேற்சொன்ன கணக்கெல்லாம் எனக்குப் பிரத்தியட்சமாக விளங்கிற்று. பாறை கிழக்கு நோக்கியது. ஆகையால் விடிந்து சற்று நேரம் கழித்துச் சூரியன் பக்கவாட்டிலிருந்து அதைத் தடவிச் செல்லும் வேளையே அங்கே உகந்த வேளை, உச்சிக்கு வெயில் ஏறிவிட்டால் உருவங்கள் தட்டையாகிவிடும். 6 மீட்டர் தூரத்தில் நின்றால் ஏறக்குறைய 4.7 மீட்டர் அகலமும் 3.1 மீட்டர் உயரமும் உள்ள பகுதி சட்டத்துக்குள் அடங்குகிறது. ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்யும் அந்த மனிதனின் ஒட்டிய வயிறும் எண்ணத்தக்க விலா எலும்புகளும், கீழே அவனைப் போலவே கை தூக்கி நிற்கும் பூனையும், அதை நம்பி அருகே வரும் எலிகளும் எல்லாப் புகைப்படங்களிலும் வருபவைதாம். மெரிலின் படத்திலோ அவற்றோடுகூட வேறொன்றும் வருகிறது, அதுதான் கல். கருங்கல்லினுள்ளே வெளிறிய மணிகளும் கறுத்த மணிகளும் கலந்து கிடக்கும் அமைப்பு, நூற்றாண்டுகளாகக் கடற்காற்று அரித்ததனால் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும், மழை வழியாத மறைவிடங்களில் இன்னும் வழவழப்பாகவும் நிற்கும் பேதம், யானையின் துதிக்கையில் சிற்பி விட்டுச்சென்ற மெல்லிய மேடு பள்ளங்கள் எல்லாம் தனித்தனியே பிரிந்து தெரிகின்றன.

பக்கத்திலேயே, வேலை முற்றுப்பெறாமல் நிற்கும் பஞ்சபாண்டவர் மண்டபத்தில் உளியின் தடங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. உளி எந்தத் திசையிலிருந்து எந்தச் சாய்வில் விழுந்தது என்பதை அவற்றின் நிழலிலிருந்து ஊகிக்கலாம். சாதாரணக் காமிராவின் படத்தைப் பெரிதாக்கினால் அந்தத் தடங்கள் ஒரு மாதிரியான மெழுகுப் பூச்சாகக் கரைந்துவிடுகின்றன. ஏனெனில் சிறு ஒளி வேறுபாடுகளைச் சத்தம் என்று எண்ணித் துடைத்துவிடும் மென்பொருளுக்கு, பல்லவர் காலத்து உளித்தடம் எது, சென்சாரின் பிழை எது என்று பகுத்தறிய இயலாது. மெரில், ஒளி போதுமானபடி இருக்கும்வரை, துடைக்க வேண்டிய அவசியமே இல்லாத படத்தைத் தருகிறது. கலைச் சரித்திரத்தில் சிரத்தையுள்ளவர்களுக்கு இது ஆடம்பரம் அன்று. நேரிற்கூட ஏணி வைத்து ஏறினாலன்றிக் காண முடியாத தடயம் இது.

ஆனால் இவ்வளவும் கிடைக்க வேண்டுமானால் கை அசையக் கூடாது. ஒரு புள்ளி அடைக்கும் கோணம் ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கே. ஷட்டர் என்னும் கதவு திறந்திருக்கும் அந்தக் கணத்தில் காமிரா அதைவிட அதிகமாகத் திரும்பிவிட்டால், இத்தனை நுட்பமும் போன இடம் தெரியாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் ட்ரைபாட் வைப்பதற்கு முன்னனுமதி வேண்டுமாதலால், பெரும்பாலும் கையில் பிடித்தே எடுக்க வேண்டியிருக்கிறது. குவியத் தூரத்தைத் தலைகீழாக்கிக் கதவு வேகத்தைத் தீர்மானிக்கும் பழைய விதி, அதாவது இங்கே 45-ல் ஒரு பங்கு விநாடி, இக்காமிராவுக்குச் சிறிதும் போதாது. குறைந்தபட்சம் 200-ல் ஒரு பங்கு விநாடியாவது வேண்டும் என்பது என் அனுபவம். காலை வெயிலில் இது கஷ்டமே இல்லை. ஐ.எஸ்.ஓ. 100-ல், எஃப் 5.6 திறப்பில், நேர் வெயில் பட்ட கல்லுக்கு 800-ல் ஒரு பங்கு விநாடி வரைக்கும் கிடைத்துவிடும்.

வெயிலை விட்டு மண்டபத்துக்குள் நுழைந்தாலோ காட்சி மாறிவிடுகிறது. அதே வீதியிலுள்ள கிருஷ்ண மண்டபத்தில், கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கி நிற்க, அதன் அடியில் ஓர் ஆயன் பசுவிடம் பால் கறந்துகொண்டிருக்கும் அற்புதமான சிற்பம் இருக்கிறது. பிற்காலத்தில் முன்னே எழுப்பிய தூண் மண்டபம் அதன்மேல் நிழலைப் போர்த்தியிருக்கிறது. அங்கே ஐ.எஸ்.ஓ. 100 உதவாது, 800-க்கும் அதற்கு மேலும் ஏற்றினால் மெரிலின் வர்ணங்கள் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுத்திட்டாக உடைந்துபோகின்றன. இதற்கும் காரணம் சென்சாரின் அமைப்பே. சிலிக்கானின் ஆழங்கள் வர்ணங்களைத் துல்லியமாகப் பிரிப்பதில்லை. மேலடுக்கில் நீலத்தோடு மற்ற வர்ணங்களும் கொஞ்சம் கலந்தே அகப்படுகின்றன. அவற்றைக் கணக்கினால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கழிக்கும்போது ஒளி குறைவாக இருந்தால் வர்ணத்தைவிடப் பிழையே பெரிதாக வளர்ந்துவிடுகிறது. வர்ணம் வேண்டாம், கறுப்பு வெள்ளை போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டால், மேலடுக்கின் சாட்சியத்தையே பிரதானமாக வைத்து, பிலிம் மணிகளைப் போன்ற அழகிய மணிகளோடு ஒரு படத்தைப் பெற முடியும். கல்லுக்கு அதுவும் பொருத்தமாகவே இருக்கிறது. வர்ணத்தில் வேண்டுமென்றால் 200-ஐத் தாண்டாதீர்கள்.

மற்ற அசௌகரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டரி நூறு படங்களுக்குக்கூட வராது. நிறுவனமே 97 என்றுதான் அறிவித்தது, அறிவித்த கையோடு பெட்டியிலேயே இரண்டு பாட்டரிகளை வைத்தும் கொடுத்தது. ஒவ்வொரு படத்தையும் கார்டில் எழுதி முடிக்கப் பத்து விநாடிகளுக்கு மேலாகிறது. பின்புறத் திரை கடற்கரை வெயிலில் சரியாகத் தெரிவதில்லை. ஓடுகிற குழந்தையையோ பறக்கிற பறவையையோ இதனால் துரத்த முடியாது. நிற்கிற பொருளின் முன் நிற்கிறவனுக்கு இவையெல்லாம் பெரிய தடைகள் அல்ல.

மென்பொருள் விஷயத்தைத்தான் அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட முடியாது. மெரில் காமிராவின் ரா கோப்புகளை அடோபி நிறுவனத்தின் மென்பொருள்கள் திறப்பதில்லை; சிக்மா ஃபோட்டோ ப்ரோ என்ற அவர்களுடைய சொந்த மென்பொருளையே நம்பியாக வேண்டும். அதன் பொறுமையைச் சோதிக்கும் வேகத்தை இதைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் அறிவார்கள். நான் அனுசரிக்கும் முறை இது: அந்த மென்பொருளில் ஒளியளவையும் வெண்மைச் சமநிலையையும் மட்டும் சரிசெய்து, கூர்மையைக் குறைத்து வைத்துக்கொண்டு, 16-பிட் டிஃப் கோப்பாக வெளியே எடுத்துவிடுகிறேன், மிச்ச வேலைகளை வேறு மென்பொருளில் செய்துகொள்கிறேன். ஒவ்வொரு டிஃப் கோப்பும் 88 மெகாபைட் அளவில் இருக்குமாதலால், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் அப்படி மாற்றுவது உத்தமம். கூர்மையைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம், இயல்பாகவே கூர்ந்த படத்தை மேலும் கூர்மைப்படுத்தினால் கல்லின் மணிகள் உப்புத்தூவலாக மாறி, சிற்பத்தின் உருண்டை வடிவமே கெட்டுவிடும் என்பதுதான்.

இப்படியிருக்க, புதிய காமிராக்களையே வாங்கிவிடலாமே என்றால், வசதியுள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். அவற்றைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. சோனி ஆர்எக்ஸ்1ஆர் 2-ல் மங்கல் கண்ணாடியின் வேலையை வேண்டும்போது இயக்கவும் வேண்டாதபோது நிறுத்தவும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அது மிகவும் கெட்டிக்காரத்தனமான யுக்தி. லைக்கா க்யூ3-ல் கை நடுக்கத்தைச் சமனம் செய்யும் வசதி லென்ஸிலேயே இருக்கிறது, மண்டபத்துக்குள்ளும் வர்ணம் நிலைகுலையாது. 28 மில்லிமீட்டர் அகலம் வேண்டாமென்றால் 50 மில்லிமீட்டர் அளவுக்குச் சட்டத்தை வெட்டிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். அப்படி வெட்டினால் 60-ல் மிஞ்சுவது 19 மெகாபிக்சல் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். க்யூ3 வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறக்குறைய 6000 டாலர். மெரில் 2012-ல் சுமார் 1000 டாலருக்கு வந்தது. அகலமான காட்சி, இருட்டு, அசைகிற மனிதர்கள் எல்லாம் ஒருவருடைய வேலையில் அடிக்கடி வருமானால், அந்த விலை வித்தியாசத்துக்கு நியாயம் இருக்கிறது. சிக்மாவுமே 2014-ல் குவாட்ரோ என்ற அடுத்த தலைமுறையில், மேலடுக்கை மட்டும் நுட்பமாக வைத்துக் கீழ் இரண்டு அடுக்குகளையும் நான்கில் ஒரு பங்கு நுட்பத்துக்குக் குறைத்தது. வேகம் கூடியது, பாட்டரியும் அதிகம் தாங்கிற்று; ஆனால் மூன்று அடுக்கும் சம நுட்பத்தோடு பேசும் அந்தக் குணத்துக்காக நான் மெரிலையே பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெயிலில் நிற்கும் கல், மரம், சுவர், ஓலைச்சுவடி, ஓவியம் ஆகியவற்றைப் படம் பிடிப்பதே உங்கள் நோக்கமானால், பழையதாகக் கிடைக்கும் டிபி2 மெரிலை நான் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். வீட்டு விசேஷங்களுக்கும் ஒரே காமிரா போதும் என்கிறவர்கள் இதை வாங்க வேண்டாம். பழைய காமிராவாக வாங்கும்போது பணத்தைக் கொடுப்பதற்கு முன் இரண்டு பரீட்சைகளை அவசியம் செய்யுங்கள். எஃப் 11 திறப்பில் வெறும் ஆகாயத்தைப் படம் பிடித்துக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள்; சென்சாரின் மேல் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும், லென்ஸ் கழற்ற முடியாதது ஆகையால் அதை நாமே துடைக்க வழியில்லை. பிறகு தூரத்திலுள்ள ஒரு கட்டடத்தை எஃப் 2.8-ல், காமிராவை நேராக ஒரு முறையும் தலைகீழாக ஒரு முறையும் பிடித்து எடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். இரண்டு படங்களிலும் காமிராவின் அதே பக்கத்து மூலை மங்கினால், கீழே விழுந்து லென்ஸ் இடம் பெயர்ந்த காமிரா அது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். ரிக்கோ காமிராக்களுக்கு உரிய டிபி-65 பாட்டரி இதற்கும் பொருந்தும்.